பண்ணை வேலைக்கு எத்தனை மணி நேரம்?

சென்ற ஆண்டு ஆவணி மாதம் அவிநாசி வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. மக்காச்சோளப் படைப்புழுவைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி அருகில் வந்தார். 3 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் 2 கறவை மாடுகளும் வைத்திருப்பவர்.

"ஏனுங்க சார், பூச்சிக்கு வழி சொன்னீங்க. மில்லுக்குப் போறவனுக்கு எட்டு மணி நேரத்துல சங்கு ஊதிருது. எங்களுக்கு எப்பங்க சங்கு ஊதும்?" என்று கேட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், "நமக்கெல்லாம் ஒரே ஒருக்காத்தான் ஊதுவாங்க சாமி" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வந்துவிட மனம் இல்லை. அந்த விவசாயியின் மகன் பி.காம். படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தோட்டத்துப் பக்கம் வரமாட்டேன் என்கிறார். வருமானம் போதாது என்று அவர் சொல்லவில்லை. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்கிறார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று 28 வருடங்களாகக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு மூட்டைக்கு எத்தனை மணி நேரம், அது யாருடைய நேரம் என்று நான் கேட்டது மிகவும் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சட்டம் குறைத்த நேரம்

ஆலைத் தொழிலாளிக்கும் எட்டு மணி நேரம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. நம் நாட்டில் 1881-ம் ஆண்டு வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு மட்டுமே வரம்பு கட்டியது. 1891-ல் பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி என்று வந்தது. பஞ்சாலைகளில் வேலை செய்யும் ஆண்களுக்கு 12 மணி என்ற வரம்பு வர 1911 ஆயிற்று. 1922-ல் வாரத்துக்கு 60 மணி. 1934-ல் 54 மணி. 1946-ல் 48 மணி. 1948-ம் ஆண்டுச் சட்டம் அந்த 48 மணியை உறுதி செய்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களில் இது இன்னும் தாமதம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 54 மணி என்றது. 1981-ல்தான் அது 48 ஆகியது. கிடைத்த நேரமும் கைவிட்டுப் போகாது என்று சொல்ல முடியாது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

1919-ம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த முதல் உடன்பாடே 8 மணி நேர வேலை பற்றியதுதான். அது தொழிற்சாலை, சுரங்கம், ரயில்வே போன்றவற்றுக்கு. விவசாயம் அதில் சேரவில்லை. காரணம் தெரிந்ததே. மழை பெய்தால் விதைக்க வேண்டும். கதிர் முற்றினால் அறுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, சிறு விவசாயி தானே முதலாளி, தானே தொழிலாளி. அவர் யாரிடம் போய் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது?

ஆலையில் ஒரு உத்தரவு போட்டால் எல்லோருடைய நேரமும் ஒன்றாகக் குறையும். பண்ணையில் களையெடுப்பது ஒரு ரக வேலை. பால் கறப்பது வேறு ரகம். தண்ணீர் கட்டுவது இன்னொரு ரகம். ஒவ்வொன்றிலும் நேரம் போகும் வழி வேறு. ஆகவே குறைக்கும் வழியும் வேறு.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கருவி வாங்குவதற்கு முன், கடன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன், ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஏழு நாட்களுக்கு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை எழுதினால் சரியாக வரும். இரண்டு அடையாளங்கள் முக்கியம். குனிந்து செய்யும் வேலைக்கு ஒரு கோடு. சும்மா காத்திருந்த நேரத்துக்கு ஒரு வட்டம்.

மேலே சொன்ன குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் இந்தக் கணக்கை எழுதினாள். எழுதுவதற்கு முன் தந்தையைக் கேட்டேன். தனக்கு 12 மணி நேர வேலை, மனைவிக்கு 8 அல்லது 9 மணி நேரம் இருக்கும் என்றார். ஏழு நாள் கழித்துப் பார்த்தால் அவருக்கு நாளொன்றுக்கு ஒன்பதரை மணி. மனைவிக்கு பதினாலரை மணி. 68 வயதுத் தாயாருக்கும் 5 மணி நேர வேலை இருந்தது. அந்த அம்மையாரின் பதினாலரை மணியில் மாட்டுக்கு நாலேகால், வயல் வேலைக்கு நாலு, வீட்டு வேலைக்கு ஆறேகால். கணவரின் ஒன்பதரையில் தண்ணீர் கட்டுவதற்கு இரண்டரை மணி. அதில் பாதி வட்டம் போட்ட நேரம்.

அவர் பொய் சொல்லவில்லை. தன் வேலை உடம்புக்குத் தெரிந்தது; மனைவியின் வேலை அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

களை எடுப்பதில் எவ்வளவு மிச்சம்?

சாகுபடி வேலைகளில் குனிந்த நேரம் மிகுதியாகப் போவது களையெடுப்பில்தான். நெல்லில் கைக்களை ஒரு முறை எடுக்க ஏக்கருக்கு 10 முதல் 15 பெண்கள் வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, கோனோவீடர் எனப்படும் உருளைக் களைக்கருவியை ஓட்டச் சொல்கிறோம். ஒருவர் ஒரு நாளில் சுமார் 45 சென்ட் ஓட்டலாம். குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் ஏக்கருக்கு நாலைந்து ஆட்கள் ஆகும். குத்தின் அடியில் ஒட்டி நிற்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒன்றிரண்டு ஆட்கள். நட்ட 10-வது நாள் முதல் 10 நாளுக்கு ஒரு முறை ஓட்ட வேண்டும். வயலில் தண்ணீர் மெல்லிய படலமாக நிற்க வேண்டும். காய்ந்த சேற்றில் இந்தக் கருவியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது ஆகாது" என்று வரப்பில் சாய்த்துவைத்தவர்கள் பலர்.

சதுர நடவுக்குக் கயிறு பிடித்து நட வேண்டும். பழகாத ஆட்களுக்கு முதல் போகத்தில் நடவு நேரம் கூடும். களையில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கை நடவில் முன்கூட்டியே செலவழிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். டிரம் சீடர் கொண்டு முளைகட்டிய விதையை நேரடியாக விதைப்பதும் இப்படித்தான். இரண்டு பேர் ஒரு நாளில் 2 ஏக்கருக்குக் குறையாமல் விதைத்துவிடலாம். நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. ஆனால் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். நிலம் சமமாக இல்லாத வயலில், களைக்கொல்லியும் போடாமல் இதைச் செய்தால், நடவில் மிச்சமான நேரம் வட்டியோடு களைக்குப் போய்விடும்.

மானாவாரி, தோட்டக்கால் நிலங்களில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் கொத்துவதற்குப் பதிலாக, நின்றபடி தள்ளி இழுக்கும் நீண்ட கைப்பிடிக் களைக்கருவிகள் இருக்கின்றன. சக்கரம் நட்சத்திர வடிவில் இருப்பது செம்மண், வண்டல் கலந்த இளகிய மண்ணுக்கு. முளைகள் வைத்த சக்கரம் களிமண்ணுக்கு. விதைக்கும்போதே வரிசை சரியாக விட்டால்தான் இவை பயன்படும். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அதன் அகலத்தைப் பார்த்து வரிசை இடைவெளியைத் தீர்மானியுங்கள். விதைத்த பிறகு கருவி தேடுவது, பந்தல் போட்ட பிறகு கால் ஊன்றக் குழி தோண்டுவது போல.

நிலக்கடலையிலும் சின்ன வெங்காயத்திலும் விதைத்த மூன்று நாட்களுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பெண்டிமெத்தலின் தெளித்தால் முதல் களை பெரும்பாலும் அடங்கும். அளவு டப்பாவில் உள்ளபடி இருக்க வேண்டும். இரண்டாம் களைக்குக் கைக்கொத்து தேவைப்படும். கடலையில் முதல் 45 நாள் களை இல்லாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு மண் அணைத்து விழுது இறங்கிய செடிகளுக்குள் நுழைந்து களை எடுப்பது நேரமும் வீண், மகசூலுக்கும் நஷ்டம்.

அறுப்பும் உடைப்பும்

கதிர் அறுவடை இயந்திரம் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நாள் கணக்கில் நடந்த அறுப்பும் அடிப்பும் ஒரு மணி, ஒன்றரை மணியில் முடிகின்றன. மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி கவனிக்க வேண்டியது வைக்கோலை. இயந்திரம் வைக்கோலைச் சிதைத்து வயல் முழுதும் பரப்பிவிடும். மழைக்கு முன் அதைச் சேர்த்துக் கட்ட இன்னொரு இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கோடையில் தீவனத்துக்காக அலையும் நேரம் கூடும். இரண்டு வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

கதிரடிக்கும் இயந்திரத்திலும் தீவனம் நறுக்கும் இயந்திரத்திலும் கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கதிரடிக்கும் இயந்திரங்களில் நேர்ந்த விபத்துகள் காரணமாகத்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. இருட்டிய பிறகு, வேலையை இன்றே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தூக்கக் கண்ணோடு கதிர் கொடுப்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. பத்து மணி நேரம் நின்ற ஆளை இயந்திரத்தின் வாயருகே நிறுத்தாதீர்கள். மாற்று ஆள் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்கலாம்.

விதைக் கடலை உடைப்பது யாருடைய கணக்கிலும் வராத வேலை. ஒரு ஏக்கருக்கு 50 முதல் 55 கிலோ பருப்பு வேண்டும். கையால் உடைத்தால் மணிக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ. வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கடியில் உட்கார்ந்து 30, 40 மணி நேரம் உடைக்கிறார்கள். விரல் நுனி புண்ணாகிவிடும். கையால் இயக்கும் கடலை உடைப்பான் மணிக்கு 30 முதல் 50 கிலோ காய் உடைக்கும். காயின் பருமனுக்கு ஏற்ற சல்லடையைப் போட வேண்டும். முன்னும் பின்னும் நிதானமாக அசைக்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் உடைசல் விழும். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு விதைக்கலாம். இந்தக் கருவியை வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதே இல்லை. ஊருக்கு இரண்டு இருந்தால் போதும்.

தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரம்

நோட்டில் வட்டம் போட்ட நேரம் பெரும்பாலும் தண்ணீரில்தான் விழும். மின்சாரம் வரக் காத்திருப்பது, பாத்தி நிறையக் காத்திருப்பது, மடை திருப்பக் காத்திருப்பது. உடம்பு நோகாத நேரம்தானே என்று நினைக்கக் கூடாது. அந்த நேரத்தில் வேறு எதையும் செய்ய முடியாது. இரவு நேரமானால் பாம்புக்கடி அபாயமும் சேர்கிறது.

சொட்டுநீர்ப் பாசனத்தில் தண்ணீர் மிச்சமாவதைப் பற்றித்தான் நாங்கள் எப்போதும் பேசுகிறோம். என்னைக் கேட்டால் சிறு விவசாயிக்கு அதில் நேரம் மிச்சமாவது அதற்கு ஈடான லாபம். மடை திருப்ப ஆள் வேண்டாம். வால்வைத் திருப்பினால் போதும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு 100 சத மானியம் உண்டு. ஆனால் வடிகட்டியைக் கழுவுவதும், வாரம் ஒரு முறை குழாய் நுனியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவதும் உங்கள் வேலைதான். உப்புத் தண்ணீராக இருந்தால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். அமில நேர்த்தி செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்க மாட்டேன் என்பவர்கள் சொட்டுநீர் போட வேண்டாம். மூன்றாம் வருடம் குழாயைச் சுருட்டிக் கொட்டகை மேல் போட்டுவிடுவார்கள்.

கைபேசியால் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர்கள் பரவலாகிவிட்டன. நடு இரவில் எழுந்து கிணற்றுக்கு ஓடும் வேலையை இது நிறுத்தும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் தூக்கம் மிச்சமாகும், மோட்டார் மிஞ்சாது.

நெல் வயலில், பக்கவாட்டில் துளையிட்ட ஒரு குழாயைப் பதித்து, தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறு பாசனம் செய்யலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். பாசன முறைகள் குறையும்போது உங்கள் நடையும் குறைகிறது.

மாட்டு வேலையும் நான் செய்த தவறும்

களையும் அறுப்பும் சில வாரங்களில் முடிந்துவிடும். மாட்டு வேலை 365 நாளும் உண்டு. இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வறட்சிப் பகுதியில், நிலம் குறைந்த குடும்பங்களுக்குக் கலப்பினப் பசு வாங்கக் கடன் ஏற்பாடு செய்வதில் மும்முரமாக இருந்தேன். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பசு கிடைத்தது. பால் நன்றாக வந்தது. தவணை தவறாமல் கட்டினார்கள். என் அறிக்கையில் அந்த வீட்டை வெற்றிக்கு உதாரணமாக எழுதினேன். ஒரு வருடம் கழித்துப் போனபோது, எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகள் தலையில் புல் கட்டோடு எதிரே வந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டேன். "மாட்டுக்கு யாரு சார் புல் அறுப்பாங்க?" என்றாள். அவள் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ தீவனம், எத்தனை ரூபாய் மிச்சம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரப்பு வரப்பாகப் புல் தேட வேண்டும் என்பதையும், அந்த மூன்று மணி நேரத்துக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை என்பதையும் நான் எழுதிப் பார்க்கவில்லை. அவள் திரும்பப் பள்ளிக்குப் போகவில்லை.

அதன் பிறகு யார் மாட்டுக் கடன் பற்றிக் கேட்டாலும், முதலில் தீவனப்புல் நட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைத் தண்ணீர் வசதி உள்ள 10 சென்டில் நட்டால் ஒரு மாட்டின் பசுந்தீவனத் தேவைக்குச் சரியாக இருக்கும். இரண்டு மாட்டுக்கு 20 சென்ட். பார் பிடித்து, 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு கணு உள்ள கரணைகளை நட வேண்டும். 10 சென்டுக்குச் சுமார் 1,300 கரணைகள் பிடிக்கும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. நிலத்தை ஒன்பது பட்டைகளாகப் பிரித்து ஐந்து நாளுக்கு ஒரு பட்டை என்று அறுத்து வந்தால், ஒன்பதாவது பட்டை முடியும்போது முதல் பட்டை தயாராக இருக்கும். கட்டுத்தறிக்கு அருகில் நட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தோட்டத்தின் கடைக்கோடியில் நட்டால் அறுக்கும் நேரம் மிச்சமாகி, சுமக்கும் நேரமாகத் திரும்பி வரும். ஓரங்களில் வேலிமசால் வைத்தால் புரதச் சத்துக்கு ஆகும்.

அடுத்தது தண்ணீர். கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் குடிக்கும். இரண்டு மாட்டுக்கு 15 லிட்டர் குடத்தால் எட்டு முதல் பதினோரு குடம். இதை அநேகமாக எல்லா வீடுகளிலும் பெண்கள்தான் சுமக்கிறார்கள். கொட்டகை ஓரத்தில் உயரமாக ஒரு டிரம் வைத்து, அதிலிருந்து தொட்டிக்குக் குழாய் இறக்கி, மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தினால் தொட்டி தானே நிரம்பிக்கொள்ளும். செலவு சொற்பம். மாடும் தாகம் எடுத்தபோதெல்லாம் குடிப்பதால் பால் கொஞ்சம் கூடும். இவ்வளவு சுலபமான காரியம் எத்தனையோ வீடுகளில் நடக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், குடம் சுமப்பவர் வேறு, பணம் செலவழிக்க முடிவெடுப்பவர் வேறு என்பதுதான்.

கணக்கில் வராத நேரம்

1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை மத்திய அரசு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. பிறகு நாடு முழுதும் 2019-லும் 2024-லும் எடுத்தார்கள். 2024-ம் ஆண்டுக் கணக்கின்படி கூலி இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299-ம் 97-மாக இருந்தது. பெண்களுக்கு ஐந்து வருடத்தில் 10 நிமிடம் குறைந்தது. ஆண்களும் 9 நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்!

பண்ணையில் ஒரு புதுமுறையைச் சிபாரிசு செய்யும்போது இந்த 289 நிமிடம் அசையாமல் நிற்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மண்புழு உரத் தொட்டி, அசோலாத் தொட்டி, பஞ்சகவ்யம், கோழி வளர்ப்பு எல்லாம் நல்லவைதான். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பெண்கள் செய்யலாம்" என்று எங்கள் கையேடுகளில் எழுதுகிறோம். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை மேலே சொன்ன நோட்டில் தேடிப் பார்த்தேன். காலை நாலரையிலிருந்து இரவு ஒன்பது வரை இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதில்தான் அவர் சாப்பிட்டார், குளித்தார்.

கூலிக்கு வருபவர்களின் நேரம்

"ஆட்கள் ஒன்பது மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடுகிறார்கள்" என்பது கொங்குப் பகுதியில் கேட்கும் பெரிய குறை. நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. சட்டம் செய்யாததை அவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். அவர்களுக்கும் வீட்டில் அந்த 289 நிமிடம் காத்திருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் குனிந்து செய்யும் வேலையில் பாதி வேலைதான் நடக்கும். ஆகவே முழு நாள் நிறுத்தி வைப்பதால் லாபம் இல்லை. காலை ஏழு மணிக்கே தொடங்கி, நடுவில் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு செய்து, வெயில் ஏறுமுன் முடிப்பது இருவருக்கும் நல்லது.

இயந்திரத்தால் உங்களுக்கு மிச்சமாகும் நேரம் இன்னொருவருக்குக் கூலி நஷ்டம் என்பதையும் மறைக்க முடியாது. கைக்களை பெண்களின் வேலை. உருளைக் கருவி வந்த ஊர்கள் பலவற்றில் அது ஆண்கள் கைக்குப் போய், கூலியும் கூடியது. பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். அந்தக் கருவி பெண்களால் தள்ள முடியாதது அல்ல. கைப்பிடியின் உயரத்தைத் தள்ளுபவரின் உயரத்துக்கு ஏற்பத் திருத்தி, இரண்டு பேர் அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் போதும். கருவி ஓட்டும் கூலியை அவர்களுக்கே கொடுங்கள். நாளைக்கு நடவுக்கு ஆள் தேடும்போது அவர்களிடம்தான் போக வேண்டியிருக்கும்.

கருவிகளை வாடகைக்கு எடுக்க விரும்புவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தை அணுகலாம். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். ஒரு போகம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது கணக்கு

அவிநாசிப் பக்கத்துக் குடும்பம் ஆவணியிலேயே கட்டுத்தறிக்குப் பின்னால் 20 சென்ட் புல் நட்டது. டிரம்மும் மிதவை வால்வும் பொருத்தினார்கள். மோட்டாருக்குக் கைபேசி ஸ்டார்ட்டர் வைத்தார்கள். தை மாதம் மகள் மறுபடி ஏழு நாள் கணக்கு எழுதினாள். அம்மாவின் நேரம் பதினாலரையிலிருந்து 12 மணியாக இறங்கியிருந்தது. மாட்டில் ஒன்றரை மணி, வயலில் அரை, வீட்டில் அரை. அப்பாவுக்கு அதே ஒன்பதரை மணிதான். தண்ணீரில் மிச்சமான ஒண்ணேகால் மணி நேரத்தில் புல் அறுப்பதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் குறையலீங்களே" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருந்தது. பால் கறக்கும் நேரத்தைச் சொசைட்டி தீர்மானிக்கிறது. மாட்டுக்கு மடி நிறையும் நேரமும் மாறாது. கருவியால் ஆவது ஒன்றுமில்லை. ஆள் மாற்றினால்தான் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். ஒரு ஞாயிறு மாலை இவர் மாட்டை அவர் கறப்பது, அடுத்த ஞாயிறு அவர் மாட்டை இவர்கள் கறப்பது என்று பேசிக்கொண்டார்கள். புது ஆள் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் மாற்று ஆள் இரண்டு வாரமாவது பழகியவரோடு கூட வந்து நின்று, தீனி வைத்து, தடவிக் கொடுத்து, ஒரு காம்பாவது கறந்து பார்த்திருக்க வேண்டும். இவர்கள் ஐந்து நாள்தான் பழக்கினார்கள். முதல் ஞாயிறு ஒரு மாடு ஒன்றரை லிட்டரை அடக்கிக்கொண்டது. மூன்றாவது முறை அரை லிட்டர் குறைந்தது. கடைசியாகப் பேசியபோது அந்த ஞாயிறு மாலை குடும்பத்தோடு பெருமாநல்லூர்ச் சந்தைப் பக்கம் போய்விட்டு வந்ததாகச் சொன்னார்கள். மகனும் திருப்பூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்துகொண்டானாம்.